ஹாம்னிங்பெர்க்: ஆளில்லாத ஊரா, ஆளைக் காட்டாத படமா?

நார்வேயில் மக்கள் காலிசெய்த மீனவ ஊர் ஹாம்னிங்பெர்க்கைப் பற்றிய டைம்லாப்ஸ் படம் இது; இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டுவதுதான் டைம்லாப்ஸ். படம் தொடங்கி முதல் சில நிமிடங்களுக்கு ஊர் கண்ணிலேயே படாது. கடல் மட்டும்தான். பேரன்ட்ஸ் கடல் பாறையில் மோதுகிறது, வடிகிறது, மறுபடி மோதுகிறது. வேகம் கூட்டியிருப்பதால் அலைகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. பாறையின் அடியில் வெண்மையாக ஒரு படலம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். கேமரா அசையவே இல்லை. அப்புறம் மெல்லப் பாறை உயர ஆரம்பிக்கிறது. கடல் வற்றுகிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது. பாசி பிடித்த கறுப்புக் கல் வெளியே வருகிறது, அதன் பின்னால் ஒரு பழைய படகுத்துறையின் மரக்கால்கள் ஒவ்வொன்றாக. இரண்டு சாய்ந்திருக்கின்றன, ஒன்று பாதியில் முறிந்திருக்கிறது. இங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்று படம் முதன்முதலாகச் சொல்லும் இடம் அதுதான். எழுத்து இல்லை, குரல் இல்லை.

டைம்லாப்ஸ் படங்கள் எனக்குத் தொழில் வழியாகவே பழக்கம். கலர் கிரேடிங், அதாவது எடுத்த காட்சிகளின் நிறத்தைச் சரிசெய்வது, என் வேலை. மலை, மேகம், நட்சத்திரம் என்று ஓடும் காட்சிகளை நாள் முழுக்கப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றில் எல்லாமே ஒரே வேகத்தில் பறக்கும், எல்லாமே ஒரே அளவு அழகாக இருக்கும், முடிந்ததும் எந்த ஊர் என்பதுகூட நினைவில் நிற்காது. அரைமணி நேரத்துக்கும் குறைவான இந்தப் படம் அந்த ரகம் இல்லை. இதில் எனக்குக் கோபம் வந்த இடமும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஊர். நார்வேயின் வடகிழக்கு மூலையில், ஃபின்மார்க் பகுதியில், வராங்கர் தீபகற்பத்தின் வெளிக்கரையில் இருக்கிறது ஹாம்னிங்பெர்க். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, 70 டிகிரி அட்சரேகையையும் தாண்டி. பக்கத்து நகரம் வார்டோ; வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கும். அங்கிருந்து கடலோரமாக வரும் சாலை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது, குளிர்காலத்தில் அதுவும் மூடிவிடும். வழி நெடுகப் பாறை அடுக்குகள் படுத்திருக்காமல் நட்டுக்குத்தாக நிற்கின்றன. மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஜூலை மாதத்திலேயே சராசரி வெப்பம் 10 டிகிரி பக்கம்தான். ஆனால் கடல் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரை வரைக்கும் எட்டுவதால் நடுக்குளிரிலும் படகு விடலாம். அந்த ஒரே காரணத்தால்தான் இவ்வளவு வடக்கே ஒரு மீனவ ஊர் உருவாக முடிந்தது.

பிறகு ஏன் காலியானது? படத்தின் ஆகச் சிறந்த பகுதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, அதுவும் கடலை வைத்தே சொல்கிறது. குளிர்காலப் புயல் ஒன்றை ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். முன்னால் ஊரின் கரை, நேர் எதிரே திறந்த கடல், நடுவே தடுக்க ஒன்றுமில்லை. வடக்கிலிருந்து வரும் அலை நேராக வந்து விழுகிறது. வானம் இருள்கிறது, வெளுக்கிறது, மறுபடி இருள்கிறது; அலை மட்டும் ஓயவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் புரிந்துவிடுகிறது: இங்கே படகைக் கட்டிப்போட இடமில்லை. சின்னப் படகாக இருந்த காலத்தில் கரையில் இழுத்து ஏற்றிவிடலாம். மோட்டார் வந்து படகுகள் பெரிதான பிறகு அது நடக்காது. ஃபியோர்டுக்கு, அதாவது நிலத்துக்குள் நீளும் கடல் இடுக்குக்கு, உள்ளே ஒதுங்கியிருக்கும் போட்ஸ்ஃபியோர்டு போன்ற ஊர்களுக்கு நல்ல துறைமுகம் இருந்தது, மீன் பதப்படுத்தும் ஆலைகளும் அங்கேயே வளர்ந்தன. தொலைவான சிறிய ஊர்களை விட்டுப் போகிறவர்களுக்கு நார்வே அரசு உதவித்தொகை கொடுத்த காலம் அது. 1960களில் ஹாம்னிங்பெர்க்கில் ஆண்டு முழுக்க வாழ்ந்த கடைசிக் குடும்பங்களும் கிளம்பிவிட்டன. இந்த வரலாற்றைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி. புயல் காட்சியைப் பார்த்தவருக்கு அந்தப் பத்தி தேவைப்படாது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் திறமை முழுக்க அங்கேதான் இருக்கிறது. டைம்லாப்ஸில் எடுக்க வேண்டிய முதல் முடிவு, எத்தனை விநாடிக்கு ஒரு படம் என்பது. தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறேகால் மணி நேரம் போல ஆகும். அதைத் திரையில் 40 விநாடிக்குள் காட்ட வேண்டும் என்றால், விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 960 படம் வேண்டும்; அப்படியானால் 23 விநாடிக்கு ஒரு படம். மேகத்துக்கு அந்த இடைவெளி சரிப்படாது, துள்ளித் துள்ளி ஓடும். ஐந்து விநாடிக்குள் இருந்தால்தான் மேகம் மேகமாக நகரும். துருப்பிடித்த ஆணியிலிருந்து பனி உருகிச் சொட்டுவதற்கு வேறு கணக்கு. பலர் எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளியைப் போட்டுவிட்டு மிச்சத்தை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய வேகம் கிடைத்திருக்கிறது. வராங்கர் கரையோரம் படிப்படியாகத் தெரியும் பழைய கடற்கரைகளைக் காட்டும் இடத்தைப் பாருங்கள். பனியுகத்துப் பனிப்பாளங்களின் பாரம் நீங்கியபின் நிலம் உயர்ந்ததால் மேலே வந்துவிட்ட கரைகள் அவை. நடுப்பகலில் அந்தச் சரிவு சாதாரணக் கல்மேடாகத்தான் தெரியும். சூரியன் தாழத் தாழ ஒவ்வொரு படியின் நிழலும் அடுத்ததன்மேல் விழுந்து, ஒரு கட்டத்தில் மொத்தச் சரிவும் வரி வரியாக எழுந்து நிற்கிறது. பல ஆயிரம் ஆண்டு நடந்ததை ஒரு மாலை நேரத்து நிழலில் காட்டிவிட்டார்கள். அந்த ஷாட்டை எத்தனை முறை திரும்ப ஓட்டினாலும் எனக்கு அலுக்கவில்லை.

அடுத்தது நீளிரவு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி தாண்டும் வரை இங்கே சூரியன் உதிப்பதில்லை. கும்மிருட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பர் நடுவிலும் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு நாலு டிகிரி கீழேதான் இருக்கும், அதனால் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும். அந்த நீலத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். கிரேடிங் மேசையில் உட்காருகிறவர்களுக்கு அந்த இடத்தில் கை பரபரக்கும்: கொஞ்சம் ஆரஞ்சு சேர்க்கலாமே, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் வைக்கலாமே என்று. எதையும் சேர்க்கவில்லை. ஜன்னல்கள் இருட்டாகவே இருக்கின்றன.

அதே பகுதியில் நிலா வருகிறது. நடுக்குளிரில் முழுநிலவு ஒட்டிய நாட்களில் இந்த அட்சரேகையில் நிலா மறையாமலே வானத்தைச் சுற்றி வரும். படக்குழு கேமராவை ஒரு வீட்டின் பக்கவாட்டில் வைத்து, நிலாவைக் காட்டாமல் அதன் வெளிச்சத்தில் விழும் நிழலை மட்டும் எடுத்திருக்கிறது. பனித்தரையில் வீட்டின் கூரை நிழல் நீண்டு, குறுகி, திரும்பி, மறுபடி நீள்கிறது. வேலிக்கம்புகளின் நிழல்களும் கூடவே சுற்றுகின்றன. ஒரு ஃபிரேமில்கூட வெளிச்சம் துடிக்கவில்லை. டைம்லாப்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும், லென்ஸின் துளை ஒவ்வொரு முறையும் இம்மி அளவு மாறினாலும் திரையில் படபடவென்று மின்னும். அந்தக் குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், லென்ஸில் உறைபனி படியும், காற்று டிரைபாடை உலுக்கும். சாலையும் மூடிய காலம். அவ்வளவுக்கும் நடுவே இப்படியொரு ஷாட்.

துருவ ஒளி பற்றி எனக்கு அந்த அளவு நல்ல வார்த்தை இல்லை. பகுதி நீளம். ஒரே மாதிரி பச்சைத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடுகின்றன, ஊர் வெறும் முன்புற அலங்காரமாகிவிடுகிறது. வளிமண்டலத்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் வெளியிடும் ஒளி அந்தப் பச்சை. ஒளி பலமாக இருக்கும் இரவில் பனித்தரை பச்சை பூசியது போல இருப்பதும் நிஜம்தான். ஆனால் கூரையின் அடியில் வானமே எட்டாத இடுக்கில் பச்சை எப்படி வரும்? அது வானத்திலிருந்து வந்த நிறம் இல்லை, கிரேடிங் மேசையில் ஏற்றியது. நீல இரவில் அவ்வளவு அடக்கமாக இருந்த அதே கை இங்கே தாராளமாகிவிட்டது. விளம்பரப் படத்துக்கு வேண்டும் என்று யாரோ கேட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. இந்தப் பகுதியைப் பாதியாக வெட்டியிருந்தால் படம் எதையும் இழந்திருக்காது.

சரி, இப்போது கோடைக்காலம். என் கோபமும் அங்கேதான், என் மனதில் ஒட்டிக்கொண்ட ஷாட்டும் அங்கேதான்.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதில்லை. நள்ளிரவுச் சூரியன் கடலைத் தொடுவது போல இறங்கி, தொடாமலே நகர்ந்து, மறுபடி ஏறுகிறது. கலைமான்கள் வீடுகளுக்கு நடுவே மேய்ந்து போகின்றன. அவை காட்டு விலங்குகள் அல்ல, இந்த வடபகுதியின் பழங்குடியினரான சாமி மக்கள் வளர்ப்பவை. கோடையில் இந்தத் தீபகற்பத்தில்தான் மேயும். இந்த வரிசையில் ஓர் எழுத்து அட்டை வருகிறது: இங்கே இப்போது யாரும் இல்லை என்ற பொருளில். அதைத் தொடர்ந்து ஆளே இல்லாத தெரு, ஆளே இல்லாத படிக்கட்டு, ஆளே இல்லாத கரை.

அது பாதி உண்மைதான். ஹாம்னிங்பெர்க்கில் குளிர்காலத்தில் குடியிருப்பவர்கள் இல்லை. ஆனால் வீடுகளுக்கு உரியவர்கள் உண்டு. கோடையில் வந்து தங்குகிறார்கள், கூரையைச் சரிசெய்கிறார்கள், கதவுக்கு எண்ணெய் போடுகிறார்கள். நார்வேயின் இயற்கை எழில் சாலைகளில் ஒன்று 160 கிலோமீட்டர் ஓடி முடியும் இடமும் இதுவே என்பதால் பயணிகளும் வருகிறார்கள். படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. எப்படி என்று பார்ப்பதற்காக ஒரு ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். தெருவோரப் புல்வெளி. முதலில் புல் நிமிர்ந்து நிற்கிறது. சில ஃபிரேம் கழித்து அதில் இரண்டு டயர் தடங்கள் பதிந்திருக்கின்றன. நடுவில் எந்த ஃபிரேமிலும் வண்டி இல்லை. அடுத்தடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்த்து, நிலையாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு நகர்வதைக் கழித்துவிடும் உத்தி ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தி வண்டியை எடுத்துவிட்டார்கள், தடத்தை எடுக்க மறந்துவிட்டார்கள்.

டைம்லாப்ஸுக்கு இந்த ஆபத்து பிறவியிலேயே உண்டு. நின்றதைக் காட்டும், நடந்ததை விழுங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால், ஒருவர் எட்டு மணி நேரம் செய்த வேலை திரையில் நாலு விநாடி. எடுப்பவர்கள் அதை உணர்ந்து, ஆட்களைத் தக்கவைக்க மெனக்கெட வேண்டும். இங்கே தலைகீழாக, மிஞ்சியிருந்தவர்களையும் துடைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வீடு தப்பிவிட்டது. கோடைப் பகுதியின் கடைசியில், கரையோரம் ஒரு மரவீட்டின் சுவர், பல நாள் எடுத்த காட்சி. வெள்ளைப் பூச்சு உரிந்து, பலகையின் சாம்பல் நிறம் தெரிகிறது. காற்றுப்படும் பக்கம் உரிசல் அதிகம். பிறகு சுவரோரம் ஓர் ஏணி. ஏணி இடது மூலையில் இருக்கிறது, நடுவில் இருக்கிறது, வலது மூலையில் இருக்கிறது. அதன் பின்னாலேயே சாம்பல் நிறம் பின்வாங்கிப் புது வெள்ளை முன்னேறுகிறது, மேலிருந்து கீழே, பலகை பலகையாக. ஜன்னல் சட்டத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கங்கே ஒரு கண்ணிமைப்பில் ஓர் உருவம். ஃபிரேமை நிறுத்தினால் தெரிகிறது: காதை மூடும் தொப்பி, முழங்கை வரை மடித்த சட்டை. இன்னொரு ஃபிரேமில் அவர் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒரு கோப்பையைப் பிடித்திருக்கிறார், பெயின்ட் டப்பா மூடி போட்டு ஓரமாக இருக்கிறது. அடுத்த ஃபிரேமில் மறுபடி ஏணிமேல். இந்த ஷாட்டை மட்டும் துடைக்காமல் விட்டது யார் முடிவோ தெரியாது, அவருக்கு நன்றி. யாரும் இல்லை என்று படம் போட்ட அட்டையை இந்த ஒரு சுவர் மறுத்துவிடுகிறது.

இந்த வீடுகளைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 1944 இலையுதிர்காலத்தில் சோவியத் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கையும் அதன் தென்மேற்கே வடக்கு ட்ரோம்ஸையும் கொளுத்திக்கொண்டே போனது. வீடு, படகு, தேவாலயம், தந்திக் கம்பம் எதையும் விடவில்லை. ஏறத்தாழ 50,000 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். இன்று ஃபின்மார்க்கின் பெரும்பாலான ஊர்களில் போருக்கு முந்தைய வீடு ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். தீ தொடாமல் தப்பிய சில ஊர்களில் ஹாம்னிங்பெர்க் ஒன்று. மரமே இல்லாத கரை என்பதால் பலகையும் கட்டையும்கூட ரஷ்யாவிலிருந்துதான் வந்தன; வெள்ளைக் கடல் பக்கத்து போமோர் வணிகர்கள் மாவும் மரமும் கொண்டுவந்து மீன் வாங்கிப் போன காலம், 1917 புரட்சியோடு முடிந்தது. ஆக, அந்த ஏணிக்காரர் பூசிக்கொண்டிருப்பது விடுமுறை வீட்டுக்கான வெள்ளை மட்டும் இல்லை. படத்தில் போர்க்காலம் இரண்டே ஷாட்டில் வருகிறது, ஜெர்மானியர் விட்டுப்போன கான்கிரீட் பதுங்கிடத்தின் வாசலில் பனி நிரம்பி வடிவதாக. தெரியாதவர்களுக்கு அது வெறும் குழி. வரலாற்றுக்கு இன்னும் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம், துருவ ஒளியிலிருந்து எடுத்தே ஒதுக்கியிருக்கலாம்.

மீன் விஷயத்திலும் எனக்குக் குறை. மீனவ ஊர் பற்றிய படத்தில் மீனே இல்லை. மீன் காயவைக்கும் பந்தல்கள் வெறும் கட்டைகளாக நிற்பதைக் காட்டுகிறார்கள், அதில் என்ன தொங்கியது என்று சொல்லவில்லை. காட் மீனை வாலோடு வால் சேர்த்துக் கட்டி, உப்பே போடாமல், குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் முடியும் வரை காற்றில் தொங்கவிடுவார்கள். வெப்பம் உறைநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். கடுங்குளிர் வந்தால் சதை கெடும், வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். இந்தக் கரையின் காற்றுக்கும் குளிருக்கும் நடுவே அமைந்த அந்த நுட்பம் டைம்லாப்ஸுக்கென்றே பிறந்த விஷயம். இன்றும் வடநார்வேயில் மீன் காய்கிறது. பக்கத்தில் எங்காவது ஒரு பந்தலை எடுத்திருந்தால் ஊர் எதை நம்பி வாழ்ந்தது என்பது விளங்கியிருக்கும்.

பறவைகள் வரும் பகுதி அருமை. கிட்டிவேக் என்னும் கடற்காக்கைகள் பாறை விளிம்புகளில் கூடுகட்டுவதை வழக்கமான வேகத்திலேயே காட்டுகிறார்கள், வேகம் கூட்டவே இல்லை. மணிக்கணக்கை விநாடியாக்கிக்கொண்டே வந்த படம் சட்டென்று மூச்சு விடுவது போல இருக்கிறது. நார்வேயின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை கடும் ஆபத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, அதனால் அந்தக் கூச்சலை முழுசாகக் கேட்பது நல்லதுதான்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. டைம்லாப்ஸ் காட்சிக்கு இயல்பாகச் சத்தம் கிடையாது, தனியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். முதல் பாதியில் படம் வேகமாக ஓட, கடலும் காற்றும் தளர்ந்த வாசலின் கிறீச்சும் அதனதன் இயல்பான வேகத்தில் கேட்கின்றன. அந்த இணைப்பு பிரமாதம். இரண்டாம் பாதியில் பியானோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. சோகப்படு, சோகப்படு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏணிக் காட்சியிலும் அதே பியானோ; சுவருக்கு வெள்ளை அடிக்கும் மனிதருக்கு எதற்குச் சோக இசை? அந்த இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

டைம்லாப்ஸ் எடுக்கிறவர்கள், எடுக்க நினைக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கடல், நிழல், நிலா ஆகிய மூன்று வரிசைகளும் பாடமாகவே வைக்கத்தக்கவை. வடதுருவ ஊர்களின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் ஹாம்னிங்பெர்க் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். துருவ ஒளிக்காக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நீளமானவை நிறைய உண்டு. என் கணக்கில் ஐந்துக்கு நாலு, அந்த எழுத்து அட்டை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் அரை.

போனில் பார்க்காதீர்கள். ஏணிக்காரர் போன் திரையில் தெரியவே மாட்டார். அறை விளக்கை அணைத்துவிட்டு, கிடைக்கும் ஆக உயர்ந்த தரத்தில், பெரிய திரையில் போடுங்கள். இணைய வேகம் குறைவாக இருந்தால் நீளிரவுக் காட்சிகளில் அந்த நீலம் பட்டை பட்டையாக உடைந்து தெரியும், அது எடுத்தவர்களின் குறை இல்லை. டிவியில் 'விவிட்' என்றோ 'டைனமிக்' என்றோ ஒரு படநிலை இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள், துருவ ஒளியின் பச்சை ஏற்கெனவே போதுமான அளவு ஏறியிருக்கிறது.